விருந்தாளி உட்காரும் நாற்காலி

ஜூலை 3

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் வாயாடி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறாமல் இருக்கிறீர்களா, இல்லை பிடிவாதமாக மொட்டை மாடிக்குப் போய்த்தான் துணி காயப்போடுகிறீர்களா? அப்பாவிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. லாரி எந்த ஊரில் நிற்கிறதோ.

போனில் பேசினால் யாரும் வாக்கியத்தை முடிப்பதில்லை என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டதால், எல்லாவற்றையும் இங்கேயே முடித்துச் சொல்கிறேன்.

மழலையர் ஆசிரியர் பயிற்சி என்றால் பாட்டும் கைதட்டலும் என்று நினைத்து வந்தேன். காலையில் உளவியல், பிற்பகலில் களிமண், நடுவில் கல்லூரியை ஒட்டிய மழலையர் பள்ளியில் வகுப்புப் பயிற்சி. என்னைப் போட்டிருக்கும் வகுப்பை நடத்துபவர் பெரிய டீச்சர். பெயருக்கேற்ற உருவம், குரல் மட்டும் கொசு மாதிரி.

இப்போது ஒரு செயல்முறைப் பாடம். ஒவ்வொருவரும் ஒரு குழந்தை உயரத்துக்குப் பொம்மை செய்து, அதைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளையாக வகுப்புக்கு அழைத்துப் போக வேண்டும். அதைக் கற்றுத்தரும் விரிவுரையாளரை நாங்கள் பொம்மை மேடம் என்போம். நிறையச் சட்டங்கள். பொம்மைக்கென்று தனி நாற்காலி வேண்டும். பிள்ளைகள் பார்க்க அதைக் குப்புறப் போடக் கூடாது. அது வாய் திறந்து பேசாது. நாம் அதன் வாயருகே காதை வைத்து, காத்திருந்து, தலையாட்டி, பிறகு அது சொன்னதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். காத்திருப்பது நிஜமாக இருக்க வேண்டுமாம். நடித்தால் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்களாம்.

வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். நடந்தால் சத்தமே வராது, அதனால் பூனை என்று பெயர். இதுவரை ஒரு சொல் பேசியதில்லை. காதில் குறையில்லை, தொண்டையில் குறையில்லை என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த வருடம் முடிவதற்குள் பேசாவிட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள், வெளியூரில் விடுதியோடு இருக்கும் சிறப்புப் பள்ளிக்குத்தான் அனுப்புவார்கள். அவளுக்காகவாவது என் பொம்மை நன்றாக வர வேண்டும். ஊசி பிடித்தால் எனக்கு விரல்தான் தைக்க வருகிறது. நீங்கள் தைத்துத் தருவீர்களா?

உங்கள்
வாயாடி


ஜூலை 14

அன்புள்ள வாயாடிக்கு,

ஆசிகள். முழங்கால் தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். மாடிக்குப் போகிறேன். வெயில் கீழே வராது.

உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய். ஆசிரியை ஆகப்போகிறவள் நீ.

பொம்மையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கை, கால், முழங்கை எல்லாம் மடங்கும். தலைக்கு நூல் முடி, உடம்புக்குப் பஞ்சு. வாய்க்கு ஒரே நேர்க்கோடு போட்டிருக்கிறேன். நாள் முழுதும் சிரித்துக்கொண்டிருக்கும் முகத்தை நான் நம்புவதில்லை. உட்காரவைத்தால் முதுகு நேராக நிற்கும்.

துணியின் வாயில் காதை வைத்துக் கேட்பதற்கு ஒரு கல்லூரியும் அதற்கு ஒரு மேடமும் தேவையா என்று நான் கேட்கவில்லை. கான்வென்ட்டில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, குரல் மண்டபத்தின் கடைசிச் சுவரில் போய் மோதும்படி வாசிக்கச் சொல்வார்கள். கடைசிச் சொல்லை விழுங்குகிறவள் திரும்ப முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பேச்சு அப்படித்தான் வரும். அந்தப் பெண்ணுக்குப் பிடிவாதம், வேறொன்றுமில்லை.

கண் மங்கிப்போன பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர், நான் பத்திரிகை வாசிப்பதைக் கேட்கத் தினமும் காலையில் வந்துவிடுகிறார். உன் மாமா போன பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்பது அப்போதுதான். ரேடியோவைவிட என் குரல் தெளிவு என்கிறார். உண்மையைச் சொல்கிற மனிதர்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அத்தை


ஆகஸ்ட் 2

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். பார்சலைப் பிரித்ததும் என் அறைத்தோழி ஓர் அடி பின்னால் போய்விட்டாள். அவ்வளவு நன்றாக இருக்கிறது. உட்காரவைத்தால் உங்களைப் போலவே நிமிர்ந்து உட்காருகிறது.

வகுப்பில் பிள்ளைகள் அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்தார்கள். ஜன்னலோரம் ஒரு சின்ன நாற்காலி போட்டோம். முதல் நாளே பூனை எழுந்து வந்து அதன் எதிரில் உட்கார்ந்தாள். பொம்மையின் காதருகே வாயைக் கொண்டுபோனாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பெரிய டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நாளில் அந்த உதடு அசைந்தே யாரும் பார்த்ததில்லையாம்.

மேடம் சொன்னபடி நான் குனிந்து விருந்தாளியின் வாயருகே காதை வைத்தேன். காத்திருந்தேன். அத்தை, அந்தத் துணி கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும். பிறகு நிமிர்ந்து, விருந்தாளிக்கு வெட்கமாக இருக்கிறதாம் என்று சொன்னேன்.

முன்வரிசைப் பையன், பல் விழுந்தவன், சாதாரணமாகச் சொன்னான்: "இல்ல டீச்சர். அவ அப்படிச் சொல்லல."

மற்ற பிள்ளைகளும் இல்லை இல்லை என்று தலையாட்டினார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பின்னே என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"பூனைக்கு யாராவது கொஞ்சம் குடுத்தா பூனை பேசுவாளாம். அதைத்தான் சொன்னா."

என்ன கொடுக்க வேண்டும் என்றேன். அது டீச்சருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அவன் களிமண்ணை உருட்டப் போய்விட்டான். பிள்ளைகளின் கற்பனையைத் திருத்தக் கூடாது என்பது பாடம். நான் திருத்தவில்லை.

உங்கள்
வாயாடி


ஆகஸ்ட் 11

அன்புள்ள வாயாடிக்கு,

ஆசிகள். இங்கே எல்லாம் சுகம்.

ஒரு வகுப்பு முழுவதும் சேர்ந்து ஆசிரியையிடம் பொய் சொன்னால் அதற்குப் பெயர் கற்பனை இல்லை, கட்டுப்பாடு இல்லாமை. அந்தப் பல் விழுந்தவனை நான் ஒருமுறை பார்த்தால் போதும். துணி வெதுவெதுப்பாக இருந்ததற்குக் காரணம் ஜன்னல். நாற்காலியை நிழலுக்கு மாற்று.

அந்தப் பெண் உதடு அசைத்ததைக் கேட்டு எனக்கும் சந்தோஷந்தான். எழுதாமல் இருக்க முடியவில்லை. விருந்தாளியின் கழுத்துத் தையல் பிரிந்தால் சொல். இரட்டைத் தையல்தான் போட்டிருக்கிறேன், பிரியாது.

அன்புடன்,
அத்தை


செப்டம்பர் 9

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். முதலில் நல்ல செய்தி. பூனை பேசிவிட்டாள்.

நாற்காலியை நிழலுக்கு மாற்றினேன். அன்று பூனை வந்து, விருந்தாளியைத் தூக்கி அலமாரி மேல் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு, காலி நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். என்னை உட்காரச் சொல்கிறாள். உட்கார்ந்தேன், முழங்கால் முகவாயில் இடித்தது. என் கைகளை எடுத்து மடியில் வைத்தாள். முதுகை நேராக்கினாள். என் தலை சாயாதபடி இரண்டு பக்கமும் பிடித்துச் சரி செய்தாள். பிறகு என் வாயருகே காதை வைத்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அவள் காத்திருந்தாள். நடிக்கவில்லை, அத்தை. நான் எந்தப் பொம்மையிடமும் அப்படிக் காத்திருந்ததில்லை. தொண்டைக்குள் நூல் ஒன்று மெதுவாக உருவப்படுவது போல் இருந்தது. அவள் தலையாட்டினாள். வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

"டீச்சருக்குத் தண்ணி வேணுமாம்."

தெளிவாக, முழுதாகச் சொன்னாள். எனக்கு அப்போது நிஜமாகவே தாகம். பெரிய டீச்சர் அழுதுவிட்டார். அவள் அம்மா வேலைக்கு நடுவில் ஓடிவந்து வாசலில் நின்றபடியே கேட்டார். பொம்மை மேடம் இதைக் கல்லூரிக் கூட்டத்தில் சொல்லப் போகிறாராம்.

எனக்குக் கொஞ்சம் தொண்டைக் கட்டு. வேறொன்றுமில்லை.

உங்கள்
வாயாடி


செப்டம்பர் 17

அன்புள்ள வாயாடிக்கு,

ஆசிகள். உன் கடிதத்தைத் தபால்காரருக்கு வாசித்துக் காட்டினேன். உன் மருமகள் கெட்டிக்காரி என்றார். எனக்குத் தெரியாததா என்றேன்.

உப்புப் போட்ட வெந்நீரில் தொண்டையைக் கொப்பளி. கத்திப் பாடாதே. அந்தப் பெண்ணை மறுபடி மறுபடி அந்த விளையாட்டுக்கு விடாதே. ஒருமுறை பேசினவளுக்கு இனிமேல் எதற்கு நாற்காலி?

அன்புடன்,
அத்தை


அக்டோபர் 10

அன்புள்ள வாயாடிக்கு,

ஆசிகள். பதில் வரவில்லை. தபால் தவறியிருக்கலாம் என்று திரும்ப எழுதுகிறேன்.

நேற்று என் கொள்கையை விட்டுவிட்டு, தபால்காரர் வீட்டுப் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். எடுத்தாய். நான் பேசினேன். அந்தப் பக்கம் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. பிறகு உன் அறைத்தோழி வாங்கி, நீ குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னாள். மூச்சுவிட்டது யார்?

ஒரு வரியாவது எழுது.

அன்புடன்,
அத்தை


அக்டோபர் 16

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் உடல்நலம் சிறக்க வேண்டுகிறேன். தங்கள் தம்பி மகளின் விரிவுரையாளர் நான். கேட்காமல் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குக் குரல் போய்விட்டது. கரகரப்பு இல்லை, அடைப்பு இல்லை. வாய் திறக்கிறாள், எதுவும் வருவதில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். டிசம்பரில் வாய்மொழித் தேர்வு. பேச முடியாதவருக்கு மழலையர் ஆசிரியர் சான்றிதழ் தர எங்கள் விதிகளில் இடமில்லை. தங்களிடம் சொல்ல வேண்டாமென்று அவள் எழுதிக் காட்டினாள்.

அந்தக் குழந்தை இப்போது நன்றாகப் பேசுகிறாள். பேசும்போது தங்கள் உறவுப்பெண்ணின் குரல் அப்படியே கேட்கிறது. குழந்தைகள் பிடித்தவரைப் பார்த்து அப்படியே செய்வது இயல்பு. அப்படித்தான் என் அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

வணக்கத்துடன்,
விரிவுரையாளர்


அக்டோபர் 24

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். மேடம் எழுதியது தெரியும். இனி மறைத்துப் பயனில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் சத்தமாகக் கூப்பிட முடியவில்லை. அப்புறம் பாட்டு. அப்புறம் சிரிப்பு. ஒருநாள் தாழ்வாரத்தில் பூனை எதற்கோ சிரித்தாள். பக்கத்து வகுப்பில் பயிற்சியில் இருந்த என் அறைத்தோழி நான்தான் வருகிறேன் என்று கதவைத் திறந்து நின்றாளாம். காலையில் நான் நாற்காலியில் உட்கார்ந்தால், அன்று முழுதும் அவளுக்குப் போதுமானதை எடுத்துக்கொள்கிறாள். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் போனில் கேட்டீர்கள்.

உட்காராமலும் பார்த்தேன். இரண்டு நாள் நின்றுகொண்டே இருந்தேன். என் தொண்டையில் குரல் ஊற ஆரம்பித்தது. பூனை சுவரோரமாகப் போய் நின்றுவிட்டாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். பேசத் தெரிந்த பிறகு பேச முடியாமல் போன முகம் அது. முன்பு அப்படி இருந்ததில்லை. அவள் அம்மா வாசல் கேட்டில் நின்று, "இன்னைக்கு என்னடி கதை?" என்று கேட்டார். அவள் அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மறுநாள் நானே போய் உட்கார்ந்தேன்.

நான் சின்ன வயதிலிருந்து பேசித் தீர்த்திருக்கிறேன். அவள் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறாள். அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எனக்கும் இந்தச் சான்றிதழ் வேண்டும், அத்தை. இந்த வேலையைத் தவிர வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

வராதீர்கள். உங்கள் முழங்காலுக்கு இந்தப் பயணம் ஆகாது.

உங்கள்
தம்பி மகள்


அக்டோபர் 31

அன்புள்ள வாயாடிக்கு,

ஆசிகள். எத்தனை பேர் என்ன எடுத்துக்கொண்டு போனாலும் உன் பெயர் அதுதான். கடிதத்தின் கீழே ஒழுங்காக எழுது.

நான் வரவில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது.

வருகிற வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை நிபுணரைப் பார்க்க உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். காலை முதல் மாலை வரை சோதனை இருக்கும். அன்று வகுப்புப் பக்கம் போகாதே. உன் அறைத்தோழியைக் கூட அழைத்துக்கொண்டு போ. இதில் எனக்குச் சாக்கு எதுவும் எழுதாதே.

அன்புடன்,
அத்தை


நவம்பர் 10

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். குரல் வந்துவிட்டது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மதியம் நர்ஸ் என் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டாள். அது நான் இல்லை என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அறைத்தோழி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நர்ஸ் எங்கள் இருவரையும் மனநலப் பிரிவுக்கு அனுப்பப் பார்த்தாள்.

உங்களிடம் சொல்ல ஓடிப்போய்ப் போன் செய்தேன். தபால்காரர் எடுத்தார். அத்தை ஊரில் இல்லையே, விடியற்காலை பஸ்ஸில் உன்னைப் பார்க்கத்தானே போனார்கள் என்றார்.

மறுநாள் வகுப்புக்குப் போனேன். பெரிய டீச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் பிரம்பு போல நிமிர்ந்து உள்ளே வந்தீர்களாம். பூனை சுவரோரம் நின்றாளாம். யாரும் சொல்லாமலே அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய முழங்காலைக் கையால் மடக்கி வைத்து, அவளைக் கூப்பிட்டீர்களாம்.

"அவகிட்ட எடுத்ததைத் திருப்பிக் குடுத்துடு. அப்புறம் என்கிட்ட கேளு. கேட்டுட்டு எடு."

பூனை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அப்புறம் வாயருகே காதை வைத்தாளாம். பெரிய டீச்சரை யாரோ வாசலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது நீங்கள் பொம்மையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தீர்களாம். அவர் வணக்கம் சொன்னார். நீங்கள் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டீர்களாம். இவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்களே என்று அவருக்கு இன்னும் குறை.

பூனை இப்போது யாரையும் உட்காரச் சொல்வதில்லை. காலையில் எழும்போதே பேசிக்கொண்டு எழுகிறாளாம். ஆனால் நேற்று பல் விழுந்தவன் ஏதோ முணுமுணுத்தான். பூனை அவன் முன்னால் போய் நின்று, "நிமிர்ந்து நில். வாக்கியத்தை முடி" என்றாள். அவன் நிமிர்ந்து நின்றான். வகுப்பே நிமிர்ந்தது, அத்தை. நானும் நிமிர்ந்தேன்.

இரண்டு முறை போன் செய்தேன். அத்தை இங்கேதான் இருக்கிறார்கள், ஆனால் போனுக்கு வரமாட்டேன் என்று கையை ஆட்டுகிறார்கள் என்றார் தபால்காரர். என்ன செய்தீர்கள்? சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன்.

உங்கள்
வாயாடி


நவம்பர் 14

அன்புள்ள வாயாடிக்கு,

ஆசிகள். நான் நலம். தேர்வு முடியும்வரை வராதே. பஸ்ஸில் வீணாகும் நேரத்தில் அறையிலிருந்து பாடத்தை உரக்க வாசி. குரல் சுவரில் மோத வேண்டும்.

போனைப் பற்றி என் கருத்து உனக்குத் தெரியும். அது மாறவில்லை. தபால்காரருக்கு ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இருந்தும் காலையில் வந்து உட்காருகிறார். நான் பத்திரிகையைப் பிரிக்கிற சத்தம் போதும் என்கிறார். கடைக்காரரிடம் வேண்டியதை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பேரம் பேச முடியாதபோது அவரே சரியான விலை சொல்கிறார். பொம்மையைப் பிரித்து, பஞ்சைத் தலையணைக்குள் அடைத்துவிட்டேன். இரட்டைத் தையலைப் பிரிக்க ஒரு மாலை பிடித்தது. முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது.

உன் கேள்விக்குப் பதில்: சின்ன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அந்தப் பெண் கேட்டாள். நான் சரி என்றேன். ஒருவர் கேட்டு, ஒருவர் தந்தால், அதில் மற்றவர்கள் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை. இதைப் பற்றி நாம் இனி எழுத வேண்டாம்.

ஒன்றே ஒன்று. அவள் பேசும்போது வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறாளா என்று கவனித்து எழுது. விழுங்கினால் உடனே திருத்து. அந்தப் பழக்கம் அவளுக்கு என்னிடமிருந்து போயிருக்காது.

அன்புடன்,
அத்தை